பாற்பல்லும் பாடசாலையும்

ஈழத்துத் தமிழ் இல்லங்களிற் குழந்தைக்கு முதற்பல் முளைப்பது ஒரு விழா. கொழுக்கட்டை அவித்து, அதன் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டுகளைப் பற்களைப் போல வரிசையாகக் குத்தி, குழந்தையை மணையில் இருத்தித் தலைமீது கொழுக்கட்டைகளைச் சொரிவர். முன்னே பரப்பி வைத்த பொருள்களுள் ஏட்டை எடுக்கின்றதா, பொன்னை எடுக்கின்றதா என்று உற்றார் ஆவலோடு பார்த்திருப்பர். அந்தப் பல் ஆறேழு ஆண்டுகள் கழித்து விழும்போதும் ஒரு சிறு சடங்குண்டு. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து, அணிற்பிள்ளையிடம் புதுப்பல் தருமாறு குழந்தை கேட்கும். முளைக்கும்போதும் விழும்போதும் இத்துணைச் சிறப்புப் பெறும் பாற்பல்லுக்கு, இடைப்பட்ட ஆண்டுகளிற் சடங்கும் இல்லை, கவனிப்பாரும் இல்லை. "விழப் போகும் பல்தானே" என்பதே பெரும்பாலான தாய்மாரின் எண்ணம். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இவ்வெண்ணம் இன்றும் வலுவாகவே உள்ளது. இதனை மாற்ற முயன்ற ஒரு சேவையின் கதை உலகத்தின் மறு கோடியிலே, நியூசிலாந்திலே தொடங்குகின்றது.

அதற்கு முன்பாகப் பல்லின் நோயை மக்கள் எவ்வாறு விளங்கிக் கொண்டனர் என்பதைச் சிறிது நோக்குதல் தகும். சூத்தைப் பல்லுக்குள்ளே புழு இருந்து அரிக்கின்றது என்பது தமிழ் நாட்டார் நம்பிக்கை. கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு, அப்புகையை வாயிற் பிடித்தாற் புழு வெளியேறும் என்று முதியோர் கூறுவர். இந்த நம்பிக்கை தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று. பண்டைப் பபிலோனியரும் பற்புழுவை நம்பினர். 1728 ஆம் ஆண்டிலே பல் மருத்துவ நூலொன்றை வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் பியர் போஷார், அத்தகைய புழுவைத் தாம் கண்டதில்லை என்று மறுத்துரைத்தார். நோயின் மெய்யான காரணம் தெளிவாக மேலும் நூற்றறுபது ஆண்டுகள் சென்றன. 1890 இல் வில்லபி மில்லர் என்னும் அமெரிக்கர், பேர்லின் நகரிற் செய்த ஆய்வுகளின் பயனாக, வாயில் வாழும் நுண்ணுயிர்கள் இனிப்பையும் மாப்பொருளையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன என்றும், அவ்வமிலமே பல்லின் மிளிரியைக் கரைக்கின்றது என்றும் நிறுவினார். கண்ணுக்குத் தெரியாத உயிர் பல்லைக் கெடுக்கின்றது என்றவளவில் நம் பாட்டிமார் முற்றாகத் தவறவில்லை. புகையினால் அதனை ஓட்டலாம் என்று கொண்டதே பிழை.

காரணம் தெரிந்த பின்னர், நோய் வருமுன் காப்பது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவிலே கனெற்றிக்கட் மாநிலத்துப் பிரிட்ஜ்போட் நகரில் அல்பிரட் போன்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். அவர் 1906 இலே தம் உதவியாளரான ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்குப் பற்களைத் துப்புரவு செய்யும் முறையைப் பயிற்றினார். 1913 இல் இதற்கென ஒரு பயிற்சிக் கூடமே திறந்தார். அங்குப் பயின்ற பெண்கள் மறு ஆண்டு முதல் அந்நகரத்துப் பாடசாலைகளுக்குச் சென்று, குழந்தைகளின் பற்களைச் சுத்தஞ் செய்து, தூரிகை பிடிக்கக் கற்பித்தனர். சூத்தை கண்ட குழந்தையைப் பல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். தாமாக அதனை அடைக்கவோ பிடுங்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. பற்சுகாதாரவியலாளர் என்ற தொழிலின் பிறப்பு இதுவே. பல் மருத்துவர் பலர் வாழும் நகரத்துக்கு அது பொருந்திற்று. ஆனால் அனுப்புவதற்கு மருத்துவரே இல்லாத ஊரில் என்ன செய்வது?

அக்கேள்விக்கு விடை கண்டவர் நியூசிலாந்தினரான தோமஸ் ஹண்டர். முதலாம் உலகப் போரிலே அந்நாட்டுப் பல் மருத்துவப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். போருக்கு வந்த இளைஞரின் வாய்களைப் பார்த்தவர், இக்கேடு குழந்தைப் பருவத்தில் விளைந்தது என்பதை உணர்ந்தார். இளம் பெண்களுக்கு ஈராண்டு பயிற்சியளித்து, அவர்களைப் பாடசாலைகளில் அமர்த்திக் குழந்தைகளின் பற்களை அடைக்கவும் வேண்டியவற்றைப் பிடுங்கவும் விடவேண்டும் என்பது அவர் திட்டம். மருத்துவப் பட்டம் பெறாதவர் பல்லைத் துளைப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. 1920 இல் அந்நாட்டுப் பல் மருத்துவர் சங்கத்தின் சிறப்புக் கூட்டத்திலே திட்டம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. 16 பேர் ஆதரித்தனர், 7 பேர் எதிர்த்தனர். கூடியிருந்த இருபத்து மூவரின் முடிவு பின்னர் ஆசிய நாடுகள் பலவற்றின் குழந்தைகளுக்கும் வாய்ப்பாக அமையும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1921 இல் வெலிங்டன் நகரிற் பயிற்சி தொடங்கிற்று. 1923 இல் முதற் தொகுதியினர் பணிக்குச் சென்றனர். மின்சாரம் எட்டாத ஊர்களிலே தையற்பொறி போலக் காலால் மிதித்துச் சுழற்றும் துளைகருவியைக் கொண்டு அவர்கள் வேலை செய்தனர். சிகிச்சை அறைக்கு அந்நாட்டுக் குழந்தைகள் "கொலைக்களம்" என்று பெயரிட்டு அஞ்சினராம். குழந்தைகள் எந்நாட்டிலும் ஒரே தன்மையினரே. அஞ்சினாலும் போய்வந்தனர். பாடசாலை முற்றத்திலேயே அறை இருந்தமையால் தப்பி ஓட இடமில்லை.

இதனைப் பின்பற்ற அமெரிக்காவிலும் ஒரு முயற்சி நடந்தது. மாசசூசெற்ஸ் மாநிலம் 1949 இலே இதற்கு இடமளித்துச் சட்டம் இயற்றியது. பல் மருத்துவர் சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. மறு ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. செல்வம் மிக்க நாடு தள்ளிய முறையை அதே காலத்தில் ஆசியா ஏற்றுக்கொண்டது. 1949 இற் பினாங்கிலே மலாயாவின் பற்தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கிற்று. அடுத்து இலங்கையின் முறை வந்தது.

1950 சனவரியிலே பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பில் கூடினர். அங்கு உருவான கொழும்புத் திட்டம் 1951 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்து சிறிய நாடு. பெரிய அணைகளையும் ஆலைகளையும் கட்டிக் கொடுக்க அதனால் இயலாது. ஆயின் தனக்கு நன்கு தெரிந்த தொழிலைக் கற்பிக்க இயன்றது. இலங்கைப் பெண்கள் நியூசிலாந்து சென்று பயின்றனர். பின்னர் அந்நாட்டின் உதவியுடன் கொழும்பை அடுத்த மகரகமையிலே பற்தாதியர் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. பயிற்சி ஈராண்டு, பயில்பவர் இளம் பெண்கள், பணியிடம் பாடசாலை. எல்லாம் வெலிங்டனின் அச்சே. பாடசாலைப் பற்தாதியர் என்று முதலில் வழங்கியவர்கள் பிற்காலத்திற் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்று பெயர் மாறினர்.

இலங்கைக்கு இம்முறை பொருந்தியதற்கு வேறு காரணங்களும் உண்டு. பல் மருத்துவக் கல்வி இந்நாட்டிலே 1943 இல்தான் தொடங்கியது. பட்டம் பெற்று வந்தவர் சிலரே. அவர்களும் பெரிய மருத்துவமனைகளுக்கே போதாதிருந்தனர். மறுபுறம், பாடசாலைகள் பெருகிக் கொண்டிருந்தன. 1945 இல் வந்த இலவசக் கல்வி கிராமத்துக் குழந்தைகளையும் வகுப்பறைக்கு அழைத்து வந்தது. 1926 இற் களுத்துறையில் முதன்முதல் அமைந்த சுகாதாரப் பிரிவு முறையும் நாடெங்கும் பரவி, சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவ மாதும் ஊர்தோறும் அறிமுகமாயினர். பாடசாலையும் இருந்தது, ஊர்ச் சுகாதார ஊழியரும் இருந்தனர். பல்லைப் பார்க்க ஒருவர் வந்து சேரவேண்டியிருந்தது.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்துண்டு எழுவான்கரை. ஞாயிறு படும் திசையிலுள்ள வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் படுவான்கரை. கல்வி நிலையங்கள் எழுவான்கரையிலும் புளியந்தீவிலுமே முதலில் எழுந்தன. 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடக்கிய மெதடிஸ்த பாடசாலையும், விபுலானந்த அடிகளாரின் உழைப்பாற் கல்லடியில் உயர்ந்த சிவானந்த வித்தியாலயமும் அவ்வாறே. பெரிய மருத்துவமனையும் புளியந்தீவில்தான். கல்லடிக்கும் புளியந்தீவுக்கும் இடையே 1924 இற் பாலம் வந்தது. ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரை அது தாங்கிற்று. தெற்கே மண்முனையிலும், அம்பிளாந்துறையிலும், மண்டூரிலும் வாவியைக் கடக்கத் தோணியும் பாதையும் தவிர வேறு வழி நெடுங்காலம் இல்லை. பாதை என்பது இங்குச் சாலையைக் குறிப்பதன்று. மனிதரையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு மட்டக்களப்பார் இட்ட பெயர் அது.

இந்நிலத்திலே பல்நோவு கண்ட குழந்தையின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள ஒரு வயற் கிராமம். தந்தை வேளாண்மை வெட்டுக்குப் போயிருப்பார். தாய் கைக்குழந்தையை இடுப்பிலும் நோவுள்ள பிள்ளையைக் கையிலுமாகக் கொண்டு பாதை வரும்வரை துறையிற் காத்திருந்து, அக்கரையில் பஸ் ஏறி, மருத்துவமனை வரிசையில் நிற்கவேண்டும். ஒரு நாட் கூலி போய்விடும். ஆகவே கராம்பு வைத்தும், உப்புநீர் கொப்பளித்தும் நாளைக் கடத்துவர். கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்ட பின்னரே பயணம். அப்போது பல்லைக் காப்பதற்கு ஒன்றும் எஞ்சியிராது, பிடுங்குவதே வழி. பிள்ளையின் முதல் அனுபவம் அதுவானால், பல் வைத்தியர் என்ற சொல்லே அதற்குப் பின்னர் அச்சந் தரும்.

பாடசாலைக்குள் அமைந்த பற்சிகிச்சை நிலையம் இந்தத் தூரத்தை வெட்டிக் குறுக்கியது. வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வரவழைக்கப்பட்டனர். நோவு தொடங்குமுன்பே சிறு குழிகள் அடைக்கப்பட்டன. ஆறு வயதளவில் முளைக்கும் முதற் கடைவாய்ப் பல்லைப் பலரும் பாற்பல் என்று கருதி விட்டுவிடுவர். அது ஆயுள் முழுதும் நிற்க வேண்டிய பல் என்பதை இச்சேவையே பல பெற்றோருக்கு முதலில் அறிவித்தது. தமது பயிற்சிக்கு அப்பாற்பட்டதைக் கண்டால், சிகிச்சையாளர் பல் வைத்தியருக்குப் பரிந்துரைத்துக் கடிதம் கொடுப்பார். மக்கள் அதனைத் துண்டு என்பர்.

இதன் பயன் எண்களிலே தெரிகின்றது. நாடு முழுவதற்குமான வாய்ச் சுகாதார ஆய்வு முதன்முதல் 1983-84 இல் நடந்தது. அப்பொழுது பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்குச் சூத்தையாகியோ, விழுந்தோ, அடைக்கப்பட்டோ இருந்த பற்கள் சராசரியாக 1.9. 1994-95 இல் அது 1.4 ஆயிற்று, 2002-03 இல் 0.9; 2015-16 இல் 0.6. இலங்கையைப் போன்ற வருவாயுள்ள நாட்டுக்கு இது பெருமை தரும் இறக்கம். புளோரைட் கலந்த பற்பசையின் பரவலுக்கும் இதிற் பங்குண்டு; எல்லாப் புகழையும் சிகிச்சையாளருக்கே கொடுத்துவிட முடியாது.

ஆனால் அதே ஆய்வுகளில் ஐந்து வயதுக் குழந்தைகளின் கணக்கைப் பார்த்தால் மனம் சோர்வடையும். 2002-03 இல் நூற்றுக்கு ஏறக்குறைய 65 குழந்தைகளுக்குப் பாற்பற்களிற் சூத்தை இருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கு 63. பெரிய பிள்ளைகளின் நோய் பாதியும் குறைய, சிறு குழந்தைகளின் நோய் இருந்த இடத்திலேயே நின்றது. ஏன்?

காரணம் அந்தச் சேவையின் அமைப்பிலேயே இருக்கின்றது. நாற்காலி பாடசாலையில் இருக்கின்றது. குழந்தை பாடசாலைக்கு வருவதோ ஐந்து வயதில். பாற்பல் முளைப்பது ஆறாம் மாதத்தில். இரண்டரை வயதளவில் இருபது பற்களும் வந்துவிடும். அவற்றின் மிளிரி மெல்லியது. இனிப்பிட்ட பாலையோ தேநீரையோ சூப்பிப் போத்தலில் ஊற்றி வாயில் வைத்து உறங்கச் செய்தால், உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதனால் அவ்வினிப்பு இரவு முழுவதும் மேல் முன்பற்களிற் படிந்து நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காக்கும். ஆதலாலேதான் சில குழந்தைகளின் மேற்பற்கள் கறுத்துத் தேய்ந்திருக்கக் கீழ்ப்பற்கள் வெண்மையாக விளங்குகின்றன. கறுப்பாகுமுன் ஈறோரத்தில் ஒரு வெண்கோடு தோன்றும். அந்நிலையிற் புளோரைட் மெருகைப் பூசினால் நோயை நிறுத்தவும் திருப்பவும் கூடும். பாற்பற்களின் சூத்தையை இம்மெருகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைக்கின்றது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. வெண்கோட்டைப் பார்ப்பதற்கு ஒளிவிளக்கும் நாற்காலியும் வேண்டுவதில்லை. மேலுதட்டைப் பெருவிரலால் உயர்த்திப் பார்த்தாற் போதும்.

உயர்த்திப் பார்ப்பவர் யார்? ஐந்து வயதுக்கு முன் அக்குழந்தையை ஒழுங்காகக் காண்பவர் ஒருவரே. அவர் மருத்துவ மாது. கருவுற்ற நாள் முதல் தாயின் வீட்டுக்கு வருபவர், நிறை பார்ப்பவர், தடுப்பூசிக்கு நாள் சொல்பவர். குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் தாய் பத்திரமாக வைத்திருப்பதும் அவர் கேட்பார் என்பதனால்தான். கருவுற்ற தாய்மாரின் பற்களைச் சோதிப்பதும் பிற்காலத்தில் இந்நாட்டுத் தாய்சேய் நலப் பணியோடு இணைக்கப்பட்டது. ஆகவே மருத்துவ மாதின் துண்டு பற்சிகிச்சையாளரிடமும், அவருடைய துண்டு பல் வைத்தியரிடமுமாகச் செல்லும் ஒரு தொடர் உருவாயிற்று. பிரிட்ஜ்போட்டிலே பெண்கள் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்து மருத்துவரிடம் அனுப்பிய அதே முறை, இங்கே தொட்டிற் பருவத்துக்குக் கீழிறங்கி வந்தது எனலாம்.

ஏட்டில் இத்தொடர் அழகானது. வாவிக்கரையிலோ அது பலமுறை அறுந்தது. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. பின்னர் நெடும் போர். வாவியின் இரு கரைகளும் வெவ்வேறு ஆட்சிகளின் கீழ் இருப்பன போலாகி, துறைகள் காவலரண்களாயின. வகுப்பறைகள் இடம்பெயர்ந்தோருக்குத் தங்குமிடமாயின. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையை அடித்துச் சென்றபோதும் மக்கள் ஓடி ஒதுங்கியது பாடசாலைகளிலேயே. பாடசாலையோடு கட்டுண்ட சேவை பாடசாலையின் கதியையே அடையும். வகுப்பில்லாத இடத்திலே வரிசையாக வரும் பிள்ளைகளும் இல்லை. அத்தகைய காலத்தில் ஒரு குழந்தையின் பாற்பல்லைப் பற்றிப் பேசுவதே மிகையாகத் தோன்றியிருக்கும். அதற்காகத் தாய்மாரைக் குறை கூறுபவர் அக்காலத்தை அறியாதவர்.

இன்னொரு தடை சொல்லைப் பற்றியது. "பற்சிதைவு" என்று துண்டுப்பிரசுரம் அச்சிடும். தாய்க்குத் தெரிந்த சொல் "சூத்தை". காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் 1930களிற் சென்னையிலே அறிவியற் கலைச்சொற்களை ஆக்கிய குழுவிற்குத் தலைமை வகித்தவர். அவர் பிறந்த நாட்டிலே இதனை நினைவூட்டுவது பொருத்தமே: நூலுக்கு ஆக்கிய சொல் நூலில் இருக்கட்டும், குடிசைத் திண்ணையில் இருந்து பேசும் மருத்துவ மாது சூத்தை என்றே சொல்லட்டும். புழு அரிக்கின்றது என்று பாட்டி கூறினால், அதனை எள்ளி நகையாடாது, அப்புழுவுக்கு இரவிலே சீனித் தண்ணீர் ஊட்டுவது சூப்பிப் போத்தலே என்று விளக்குவது எளிது. பாட்டியை வென்றால் வீடு முழுவதையும் வென்றதாகும். மட்டக்களப்பிலே மணமான பெண் தாய்வீட்டிலேயே குடியிருப்பது மரபு. ஆதலின் குழந்தைக்கு எதை ஊட்டுவது என்பதைப் பெரும்பாலும் தாயின் தாயே தீர்மானிக்கின்றாள். மாமியாரை நோக்கி எழுதப்பட்ட அறிவுரைகள் இங்கே திசை தவறிப் போகும்.

துண்டு கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று கொள்வோரும் உண்டு. துண்டு எழுதுவது ஒரு நிமிட வேலை. அதனைக் கொண்டு அக்கரை செல்வது ஒரு நாள் வேலை. எத்தனை துண்டுகள் எழுதப்பட்டன என்பதைப் பதிவேடு காட்டும். எத்தனை பிள்ளைகள் உரிய இடத்தை அடைந்தனர் என்பதைத் திரும்பி வந்த மறுமொழியே காட்டும். சிகிச்சையாளர் அந்த மறுமொழியை மருத்துவ மாதுக்குத் திருப்பியனுப்பும் இடங்களில், வராத பிள்ளையின் வீட்டுப் படலையை அம்மாது அடுத்த கிழமையே தட்டுவாள். அவ்வாறு தட்டும் வீடுகளிலே பிள்ளைகள் வருவதற்கு வாய்ப்பு மிகுதி. மேலும், எல்லாவற்றுக்கும் பல் வைத்தியரை நாட வேண்டுவதுமில்லை. கைக்கருவியினாலேயே சூத்தையைச் சுரண்டி, தானே புளோரைட்டைக் கசியும் சாந்தினால் அடைக்கும் முறையும், வெள்ளிக் கலவையைத் தடவிச் சூத்தையை உறைய வைக்கும் முறையும் இப்போது உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளன. பின்னது பல்லைக் கறுக்கச் செய்யும் என்பதைத் தாய்க்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். சொல்லாவிடின் மறுமுறை வரமாட்டாள். துளைகருவியும் இரைச்சலும் இல்லாத இம்முறைகள் மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்றவை; மரநிழலிலும் முன்பள்ளித் திண்ணையிலும் செய்யத்தக்கவை.

2013 இற் கல்லடியிலே பழைய பாலத்தருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014 ஏப்பிரலில், யப்பானின் உதவியோடு, மண்முனைத் துறைக்கும் பாலம் வந்தது. படுவான்கரைத் தாய் பாதைக்காகக் காத்து நின்ற அத்துறையை இன்று முச்சக்கர வண்டி சில நிமிடங்களிற் கடந்துவிடுகின்றது. அதே பாலத்தின் வழியாக இனிப்புப் பண்டங்களும் சோடாப் போத்தல்களும் வயற்கரைக் கடைகளுக்கு முன்னினும் விரைவாகச் செல்கின்றன. மகரகமையில் ஈராண்டு பயின்று, முந்நூறு கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்து ஊர் திரும்பும் மட்டக்களப்புப் பெண் இவ்விரண்டுக்கும் இடையே நின்று வேலை செய்கின்றாள். காலையிலே வகுப்புப் பிள்ளைகள் முடிந்த பின், முற்றத்து வேம்பின் கீழ், துண்டுகளோடும் கைக்குழந்தைகளோடும் தாய்மார் காத்திருப்பர். அவள் முதலிற் செய்வது ஒன்றே. குழந்தையைத் தாயின் மடியிற் சாய்த்து, அதன் மேலுதட்டைப் பெருவிரலால் உயர்த்தி, தாயையும் குனிந்து பார்க்கச் சொல்கின்றாள்.